உண்மைப் பெயர் போட்டால் சண்டை ஓயுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இணைய விவாதங்கள் தரம் தாழ்ந்ததற்கு முகம் தெரியாத பேச்சுதான் காரணம், எல்லோரும் உண்மைப் பெயரில் எழுதவேண்டும் என்கிறது சென்ற இதழில் வந்த கட்டுரை. தென்கொரியா 2007இலேயே பெரிய தளங்களில் அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிப் பார்த்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறையவில்லை என்பதையும் சுட்டிக்காட்டி, 2012இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஃபேஸ்புக்கில் சொந்தப் பெயரோடு, குடும்பப் படத்தோடு வந்து திட்டுகிறவர்களை நாம் பார்க்காததா?

என்னைக் கேட்டால், ஆளைவிட அமைப்பைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பழைய பாணி இணைய மன்றங்களில் கடைசியாகப் பதில் விழுந்த இழை, அதாவது ஒரு தலைப்பில் தொடரும் பேச்சு, மேலே வரும். பல வருடத்துக்கு முந்தைய பேச்சையும் ஒருவர் தூசி தட்டி எழுப்பலாம். நிதானமான விவாதத்துக்கு இது தோது. ஆனால் இரண்டு பேர் விடாமல் மல்லுக்கட்டினால் அந்த இழைதான் உச்சியில் நிற்கும். "இவருக்குப் பதில் சொல்லாதீர்கள்" என்று எழுதுகிறவரும் அதைத்தான் மேலே தூக்கிவிடுகிறார்! ரெடிட் என்ற விவாதத் தளத்தில் பயனர்கள் போடும் வாக்குகள் பார்த்து வரிசை அமைகிறது. சுடச்சுட விழுந்த நக்கல் முன்னால் போய்விடும். ஆற அமர யோசித்து மறுநாள் எழுதியதை யார் படிப்பது?

ஒரு கருத்தைக் கீழே தள்ளும் எதிர்வாக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரெடிட்டில் அதற்குச் செலவே இல்லை. நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு பதிலுக்கு எதிர்வாக்குப் போட்டால், போட்டவருடைய மதிப்பெண்ணிலும் ஒன்று குறையும். தொழில்நுட்பச் செய்திகளை விவாதிக்கும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் புதியவருக்கு அந்தப் பொத்தானே கிடையாது. மற்றவர் கருத்துக்கு எவ்வளவு மதிப்பெண் விழுந்தது என்பதும் தெரியாது. அதே வகைப் பழைய தளமான ஸ்லாஷ்டாட்டில் கருத்துகளை மதிப்பிடும் உரிமை உறுப்பினர்களுக்கு அவ்வப்போது, அதுவும் அளவாகத்தான் கிடைக்கும். தான் வாதாடும் விவாதத்தில் தானே தீர்ப்புச் சொல்ல முடியாது.

சரி, அமைப்பு ஒன்றே போதுமா என்றால், அதுவும் போதாது. இணையத்தின் ஆரம்பகால விவாத அமைப்பான யூஸ்நெட்டில் ஒவ்வொரு செப்டம்பரிலும் பல்கலைக்கழகங்களில் சேர்ந்த புது மாணவர்கள் வந்து குவிவார்கள். பழையவர்கள் கொஞ்ச நாளில் நடைமுறையைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். 1993 வாக்கில் வணிக இணைப்புகள் வழியே ஆட்கள் ஓயாமல் வரத் தொடங்கியதும் சொல்லிக்கொடுக்க அவகாசமே இல்லாமல் போனது. 'முடியாத செப்டம்பர்' என்று அதற்குப் பெயரே உண்டு.

எந்தக் கருத்தை ஏன் மேலே காட்டுகிறோம், யார் எதை நீக்குகிறார்கள் என்பதைத் தளங்கள் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன். பயனரின் அடையாள அட்டையைக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்