தாய்ப்பாலுக்கு ஒரு துறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்குப் பிரசவமான நான்காம் நாள் பால் கட்டிக்கொண்டு, மார்பு கல்லாக இறுகி, காய்ச்சலும் வந்துவிட்டது. மகப்பேறு மருத்துவர் தையலைப் பார்த்துவிட்டு, பால் கொடுப்பதைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேட்கச் சொன்னார். அவரோ குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டு, தாயின் காய்ச்சலுக்கு மகப்பேறு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு அறைகளுக்கும் நாங்கள் நடந்துகொண்டிருந்தபோதே, பால் பவுடரின் பெயர் எழுதிய சீட்டு ஒன்று கைக்கு வந்துவிட்டது. கடைசியில், காம்போடு கருவளையமும் வாய்க்குள் போகும்படி குழந்தையை அணைத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துப் பாலை இறக்கியவர், இரவுப் பணியிலிருந்த ஆயா ஒருவர்.

மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் படித்த படிப்பில் தாய்ப்பால் இரண்டு வயல்களுக்கு நடுவே உள்ள வரப்பாக இருக்கிறது. உழுவது யார் பொறுப்பும் அல்ல. பசும்பாலின் நிலை வேறு. கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் 1923ஆம் ஆண்டு. நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலும் பால்வளத் தொழில்நுட்பத்துக்குப் பட்டப்படிப்பு உண்டு. தாயின் பாலுக்கு நம் மருத்துவக் கல்லூரிகளில் ஒரு துறை கிடையாது.

துறை இல்லாவிட்டால் தவறுகூட நீண்ட நாள் பிழைத்திருக்கும். லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், இறந்த பெண்களின் மார்பகப் பால் நாளங்களில் மெழுகைச் செலுத்தி ஆராய்ந்து 1840இல் வெளியிட்ட படங்களை ஒட்டியே, காம்புக்குப் பின்னால் பால் தேங்கும் பைகள் இருப்பதாக மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்தார்கள். பசுக்களின் பால் சுரப்பை ஆராய்ந்து பின்னர் தாய்ப்பாலுக்கு வந்த பீட்டர் ஹார்ட்மனின் குழு, மேற்கு ஆஸ்திரேலியாவில் பால் கொடுக்கும் பெண்களை அல்ட்ராசவுண்டில் பார்த்து, அப்படிப்பட்ட பைகள் தென்படவில்லை என்று 2005இல் எழுதியது. இடையில் 165 ஆண்டுகள்!

நம் நாட்டில் இதன் விலை சிறியதல்ல. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) பிரசவங்களில் 88.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காடுதான். மருத்துவரும் செவிலியரும் அருகிலேயே இருந்தும் முதல் ஒரு மணி நேரம் கைநழுவிப் போகிறது. உலகத் தாய்ப்பால் வாரம் என்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் சுவரொட்டி ஒட்டுவதால் இது சரியாகிவிடாது.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், தாய்ப்பால் அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியையும், மருத்துவரும் செவிலியரும் சேர்ந்து படிக்கக்கூடிய ஒரு முதுநிலைப் பட்டயப் படிப்பையும் ஏற்படுத்த வேண்டும். எழும்பூரில் அரசு மகப்பேறு மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் அருகருகே இருப்பதால் அங்கேயே தொடங்கலாம். தாய் உட்கொள்ளும் சர்க்கரை நோய், காசநோய் மருந்துகள் பாலில் எவ்வளவு இறங்குகின்றன என்பதுபோல, அங்கே சொல்லித்தரவும் ஆராயவும் வேண்டியவை ஏராளம். பிள்ளை பெற்றவளுக்கு நாம் கொடுக்கும் பூண்டும் பால்சுறாப் புட்டும் உண்மையிலேயே பாலைக் கூட்டுகின்றனவா என்பதையும் யாராவது முறையாக அளந்து சொல்லட்டும். என் மகளுக்கு அந்தப் புட்டு கடைசிவரை தொண்டையில் இறங்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர்