புள்ளிகளைக் குறைத்துப் பார், குமரேசா

திருநெல்வேலி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள குமரேசா,

சித்திரையில் நீ அனுப்பிய குரல் பதிவுக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை ஒரு காரணம். இப்போது கைத்தடியை ஊன்றிக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் வரை போய் வருகிறாள். ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. கேம் ஆடப் புதிய கிராபிக்ஸ் கார்டு, அதாவது கணினியில் படத்தை வரைந்து தரும் பாகம், வாங்கலாமா என்று நீ கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. எண்பதாயிரம் ரூபாய் விவகாரத்தில் தெரியாமல் ஒன்றைச் சொல்லிவிட மனம் வரவில்லை. இப்போது தெரியும். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த கிராபிக்ஸ் கார்டை இப்போது வாங்காதே.

ஏன் என்பதைச் சொல்ல என் வீட்டில் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும். வரைபட வேலைக்காகச் சென்ற மாதம் ஒரு 27 அங்குல மானிட்டர் வாங்கினேன். அகலத்தில் 2560, உயரத்தில் 1440 புள்ளிகள். ஏழு ஆண்டுகளாகக் கண் பழகியிருந்த, உயரத்தில் 1080 புள்ளி கொண்ட திரையை மேசையிலிருந்து இறக்கிவிட்டு, அன்றிரவே ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற குதிரைச் சவாரி கேமைத் திறந்தேன். என்னிடம் இருப்பது 2016-இல் வெளிவந்த அதே என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. பழைய திரையில் விநாடிக்கு 50 ஃப்ரேம், அதாவது 50 படம், கொடுத்துக்கொண்டிருந்த கார்டு, புதிய திரையில் 33-க்கு இறங்கி, குதிரை சேற்றில் நடப்பதுபோல இழுத்தது. சரி, பழைய அளவுக்கே போவோம் என்று கேமின் ரெசல்யூஷனை, அதாவது புள்ளிகளின் எண்ணிக்கையை, 1920-க்கு 1080 என்று மாற்றினேன். வேகம் திரும்பி வந்தது, படம் கெட்டுவிட்டது. குதிரையின் பிடரிமயிர் எண்ணெய் தடவிய கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் தெரிந்தது. கீழே ஓடும் வசன எழுத்துகள்கூடக் கலங்கியிருந்தன. மானிட்டரில்தான் குறை என்று நம்பி, மறுநாள் காலை கடைக்காரரிடம் அரை மணி நேரம் வாதாடினேன். அவர்மீது தவறே இல்லை என்பது தெரிய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. போன வெள்ளிக்கிழமை நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

தவசி அண்ணன் பிரவுசிங் சென்டரை நினைத்துப் பார். மூலையில் இருந்த நான்காம் நம்பர் மெஷினில், நீ எப்போதும் சண்டை போட்டுப் பிடிக்கும் அந்த இடத்தில், கவுண்டர் ஸ்ட்ரைக்கை 640-க்கு 480 அளவில்தான் ஆடினோம். அதற்கு மேல் வைத்தால் அந்த மெஷின் திணறும் என்று தவசி அண்ணனே அப்படி மாற்றி வைத்திருந்தார். பக்கத்து மெஷினில் 1024-க்கு 768. இரண்டுக்கும் நடுவே நமக்குப் பெரிய குறை எதுவும் தெரிந்ததே இல்லை. அது நம் கண்ணின் இளமையால் மட்டும் அன்று. அந்தக் குண்டு மானிட்டரில் எலெக்ட்ரான் கற்றை கோடு கோடாகப் படத்தை வரைந்துகொண்டு போகும். 480 கோடு என்றால் 480, 768 என்றால் 768, கேட்ட எண்ணிக்கையில் அது வரைந்து கொடுக்கும். இன்றைய தட்டைத் திரையில் அப்படி முடியாது. என் திரையில் 1440 வரிசைகள் ஆலையிலேயே பதிக்கப்பட்டுவிட்டன. கூட்டவோ குறைக்கவோ இடமில்லை. அதற்கு 1080 வரிசையில் ஒரு படத்தைக் கொடுத்தால், மூன்று புள்ளிக்கு உரியதை நான்கு புள்ளியில் எப்படியாவது பரப்பியாக வேண்டும்.

மார்கழிக் காலையில் உன் ஆச்சி போடும் புள்ளிக்கோலத்தை எண்ணிக்கொள். பதினைந்து புள்ளிக்கு வகுத்த கோலத்தை, அதே வாசலில் ஏற்கெனவே வைத்துவிட்ட இருபது புள்ளிகளின்மேல் போடச் சொன்னால் என்ன ஆகும்? நான்கில் ஒரு புள்ளிதான் கோட்டோடு பொருந்தும். மற்றவை கோட்டுக்கு அங்கும் இங்குமாக விழும். திரை அந்த இடங்களில் பக்கத்துப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்து ஒப்பேற்றுகிறது. அந்தக் கலப்புதான் நான் கண்ட கலங்கல். 27 அங்குலத் திரையில் அது இன்னும் பெரிதாகக் கண்ணில் படுகிறது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் உன் நிலைமை என்னுடையதைவிட நல்லது. உன் திரை 4கே, அதாவது 3840-க்கு 2160. மொத்தம் 82 லட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளிகள். விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஏறத்தாழ 50 கோடிப் புள்ளிகளை ஒவ்வொரு விநாடியும் உன் கார்டு கணக்கிட வேண்டும். உன்னிடம் இருக்கும் என்விடியா 1660 சூப்பர் 2019-இல் 1080 திரைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட கார்டு. அதனிடம் நான்கு மடங்கு வேலை வாங்கிக்கொண்டு, "கார்டு செத்துவிட்டது" என்று குரல் பதிவில் புலம்பியிருக்கிறாய். அது சாகவில்லை, குமரேசா. உன் 2160-ஐச் சரிபாதியாக்கினால் 1080. கோலக் கணக்கில் சொன்னால் பதினைந்தும் முப்பதும். ஒரு புள்ளியை இரண்டுக்கு இரண்டாக, நான்கு புள்ளியாக அப்படியே நிரப்பிவிடலாம். எதையும் கலக்க வேண்டியதில்லை. இதை 'இன்டிஜர் ஸ்கேலிங்' என்கிறார்கள். என்விடியா இதை 2019 ஆகஸ்டில் கொடுத்தது, அதுவும் டியூரிங் தலைமுறை முதலான கார்டுகளுக்கு மட்டும். உன் 1660 அந்தத் தலைமுறை. என் 1060 அதற்கு முந்தையது. எனக்குக் கிடைக்காதது உனக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது, நீ திறந்துகூடப் பார்க்கவில்லை. 640-க்கு 480 அளவில் இருந்த நம் பழைய கேம்களை அதில் நான்கு மடங்காக்கி, 2560-க்கு 1920-ஆக, சுற்றிலும் கறுப்பு விளிம்போடு ஆடிப் பார். ஒவ்வொரு சதுரமும் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும்.

ஆனால் புதிய கேம்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நான் செய்த பிழையின் வேரும் அங்கேதான் இருக்கிறது. திரையின் ரெசல்யூஷனைக் குறைப்பது வேறு, கேம் தன் உலகத்தை வரையும் ரெசல்யூஷனைக் குறைப்பது வேறு. முதலாவதில் எல்லாமே கலங்குகிறது: எழுத்து, வரைபடம், துப்பாக்கியின் குறிப்புள்ளி. இரண்டாவதில் காடும் மலையும் குதிரையும் குறைந்த புள்ளிகளில் வரையப்பட்டுப் பெரிதாக்கப்படும். எழுத்துகளும் குறியீடுகளும் திரையின் முழு அளவிலேயே, அதன்மேல் கூர்மையாக எழுதப்படும். எனவே திரையை எப்போதும் 2160-இலேயே விட்டுவை. கேமுக்குள் 'ரெசல்யூஷன் ஸ்கேல்' என்று இருப்பதையோ, குறைந்த புள்ளியில் வரைந்ததைப் பெரிதாக்கித் தரும் எஃப்.எஸ்.ஆர். என்ற நுட்பம் இருந்தால் அதையோ தொடு.

எஃப்.எஸ்.ஆர். பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மூன்று வாரமும் என்னைத் தூங்கவிடாதது அதுதான். என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2021 ஜூனில் வெளியிட்ட முதல் வடிவம் ஒரே ஒரு ஃப்ரேமை எடுத்து, ஓரங்களைக் கண்டுபிடித்து, கூர்மையாக்கிப் பெரிதாக்கியது, அவ்வளவுதான். 2022 மே மாதம் வந்த இரண்டாம் வடிவம் வேறு வகை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் கேமரா ஒரு புள்ளிக்கும் குறைவான தூரம் நகர்த்தப்படுகிறது. அதனால் ஒவ்வொரு ஃப்ரேமும் காட்சியின் சற்றே வேறு இடங்களைத் தொட்டுப் பார்க்கிறது. எந்தப் பொருள் எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற தகவலை கேமே தருகிறது. அதைக் கொண்டு முந்தைய ஃப்ரேம்களில் கண்டவற்றை உரிய இடத்தில் சேர்த்து, இல்லாத புள்ளிகளை நிரப்புகிறது. வெறும் ஊகமாக இல்லாமல், சற்று முன் உண்மையாகவே கண்டதை நினைவில் வைத்திருந்து திருப்பித் தருவதால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு மதிப்பு. இதே வேலையைச் செய்யும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்ஸுக்கு ஆர்டிஎக்ஸ் வகைக் கார்டு வேண்டும். என்னிடமும் உன்னிடமும் அது இல்லை. எஃப்.எஸ்.ஆர். 2-க்கு அப்படிப்பட்ட நிபந்தனை இல்லை. போட்டி நிறுவனம் செய்தது என் பத்து வருட என்விடியா கார்டில் ஓடுகிறது.

இது உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா, அல்லது இருக்க வேண்டும் என்ற ஆசையில் என் கண் ஏமாறுகிறதா என்று சந்தேகம் வந்தது. பையனைத் துணைக்கு அழைத்தேன். நான் வெளியே போய் நிற்க, அவன் செட்டிங்ஸை மாற்றி மூடி வைப்பான். நான் வந்து கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, எது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து முறை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். திரையை நேரே 1080-க்கு இறக்கியதைப் பத்து முறையும் பிடித்துவிட்டேன். எஃப்.எஸ்.ஆர். 'குவாலிட்டி' நிலை என் திரையில் 1706-க்கு 960 அளவில்தான் வரைகிறது, அதாவது 1080-ஐவிடவும் குறைவு. ஆனாலும் முழு அளவுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டில் ஆறு முறைதான் சரியாகச் சொன்னேன், ஏறத்தாழ பூவா தலையா போட்டதைப்போல. 'பெர்ஃபார்மன்ஸ்' நிலை, அதாவது 720 வரிசை, ஒன்பது முறை பிடிபட்டது. காட்டிக்கொடுத்தவை தந்திக் கம்பிகளும் வேலிக் கம்பிகளும் புல்நுனிகளும், அவை நடுங்குகின்றன. குதிரை வேகமாக ஓடும்போது வாலுக்குப் பின்னால் மெல்லிய புகைபோல ஒரு தடம் தெரிகிறது. உன் திரையில் அதே 'பெர்ஃபார்மன்ஸ்' நிலை 1080-லிருந்து பெரிதாக்கும். தொடக்கத்தில் இருக்கும் புள்ளிகள் அதிகம் என்பதால் இந்த நடுக்கம் உனக்கு இன்னும் குறைவாகவே இருக்கும். பெரிதாக்கும் வேலைக்கும் சில மில்லி விநாடி செலவாகும் என்பதை மட்டும் மறந்துவிடாதே. வெறும் 1080-இல் கிடைத்த அதே வேகம் கிடைக்காது.

ரெசல்யூஷன் ஒரு பாதி. மற்ற பாதி, எதை விட்டுக்கொடுப்பது என்பது. நீ எல்லாவற்றையும் ஒரேயடியாக 'லோ' என்று வைத்துவிட்டு அழகில்லை என்கிறாய். அது அன்றைக்குக் குறி பார்க்காமல் சுட்ட அதே பழக்கம். டெக்ஸ்சர், அதாவது பொருள்களின் மேற்பரப்புப் படம், அதன் தரத்தைக் குறைக்காதே. உன் கார்டின் 6 ஜிபி நினைவகத்துக்குள் அடங்கும்வரை அதனால் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் குறைத்தால் பாறையும் தோலும் துணியும் களிமண்ணாகிவிடும். பார்க்க வேண்டியவை நிழல், பனிமூட்டம், நீரில் தெரியும் பிரதிபலிப்பு. மூடுபனியை மட்டும் ஒரு படி இறக்கியதில் எனக்குக் கிடைத்த வேகம் மற்ற பத்தைச் சேர்த்தாலும் கிடைக்கவில்லை. நீரின் அசைவுக்கான அளவுகோலைப் பாதிக்குக் கீழே வைத்தேன். ஆற்றங்கரையில் நின்று தேடியும் வேறுபாடு தெரியவில்லை.

இன்னொன்று, 60 என்ற எண்ணை விட்டுவிடு. 30 ஃப்ரேமில் ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு 33.3 மில்லி விநாடி, 45-இல் 22.2, 60-இல் 16.7. முதல் பதினைந்து ஃப்ரேம் உனக்கு 11 மில்லி விநாடி மிச்சம் பிடித்துத் தருகிறது, அடுத்த பதினைந்து அதில் பாதியைத்தான். 38-க்கும் 60-க்கும் இடையே துள்ளிக்கொண்டிருப்பதைவிட அசையாத 45 கண்ணுக்கு எவ்வளவோ இதம். என் திரை 144 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும். அதனால் 48-இல் பூட்டி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு ஃப்ரேமும் மிகச் சரியாக மூன்று சுற்று நிற்கும். உன்னுடையது 60 ஹெர்ட்ஸ், ஆனால் 40 முதல் 60 வரை கார்டின் வேகத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று நீ அனுப்பிய பெட்டிப் படத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அதற்கு ஹெச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிவிட்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைச் செருகு. 45-இல் பூட்டிய பிறகு கார்டின் சூடும் குறையும். இந்த ஊர் வெயிலில் அது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. கேமில் வரும் செயின்ட் டெனிஸ் நகரத்துக்குள் போனதும் எனக்கு 40 ஃப்ரேம் ஆகிவிடுகிறது. 720 வரை இறக்கிப் பார்த்தும் அந்த எண் அசையவில்லை. அங்கே திணறுவது கார்டு அன்று, பிராசசர். நடமாடும் கூட்டத்தைக் கணக்கிடுவது அதன் வேலை. புள்ளிகளைக் குறைத்தால் அதன் சுமை குறைவதில்லை. உன் பிராசசரும் என்னுடையதைப் போல நான்கு கோர் கொண்ட பழையது. எண்பதாயிரம் கொடுத்துப் புதிய கார்டைப் போட்டாலும் அந்தத் தெருவில் நீ இதே 40-இல்தான் நடப்பாய்.

அந்தக் கார்டுக்கு 285 வாட் வேண்டும். கணினிக்கு மின்சாரம் தரும் உன் எஸ்எம்பிஎஸ் 450 வாட். ஆக அதையும் மாற்ற வேண்டும், பிறகு யுபிஎஸ்ஸையும். பதினெட்டு மாதத் தவணை என்றாய். அதே பதிவின் கடைசியில், ஏதோ வானிலையைப்போல, ஆலையில் ஓவர்டைம் நிறுத்திவிட்டார்கள் என்றும் இரண்டாவது ஷிப்டு போய்விட்டது என்றும் சொன்னாய். நான் அந்தப் பதிவை நான்கு மாதத்தில் ஆறேழு முறை கேட்டிருக்கிறேன். கார்டு பற்றிய பகுதியைவிட அந்தக் கடைசி இருபது விநாடிதான் எனக்கு உறைத்தது. தங்கைக்கு இது முழுதும் தெரியுமா? பணம் நெருக்கடி என்றால் என்னிடம் சொல்ல உனக்கு என்ன தயக்கம்? கல்லூரி மூன்றாம் வருடம் என் தேர்வுக் கட்டணத்தை யார் கட்டினார்கள் என்று நான் மறக்கவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் குதிரையில் சுற்றுவது உனக்கு எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியும். அதை விடச் சொல்லவில்லை. அதற்காகத் தவணை கட்ட வேண்டாம் என்கிறேன்.

நாளை மாலை இதைச் செய். திரை 2160, எஃப்.எஸ்.ஆர். 'பெர்ஃபார்மன்ஸ்', டெக்ஸ்சர் 'அல்ட்ரா', நிழல் நடுத்தரம், மூடுபனி குறைவு, 45-இல் பூட்டு. கேமில் வரும் வாலன்டைன் ஊர் எல்லையில், விடியற்காலை மூட்டத்தில் ஐந்து நிமிடம் சவாரி செய்துவிட்டு, கிடைத்த எண்களை எனக்கு எழுதி அனுப்பு. பையன் நோட்டில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே 'குமரேசன் மாமா' என்று எழுதிக் காத்திருக்கிறான். ஓவர்டைம் விஷயத்தை எழுத வேண்டாம். அதற்குப் புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
சிதம்பரம்