தோட்டத்து மாமாவுக்கு, பிப்ரவரி 2 அன்று

அன்புள்ள மாமாவுக்கு,

விளைநிலம் வழியா எரிவாயுக் குழாய் போட வந்த மத்திய அரசுக் கம்பெனி கெயில் இருக்கே, அந்த வழக்குல நம்ம மாநில அரசோட மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணினது 2016ல இதே நாள்லதான். உங்க தோட்டத்துக்குள்ள நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லீங்க. கோர்ட்டுப் பக்கத்தை எழுதறேன். நாலு பேர் படிக்கிற இடம். அதனால தீர்ப்புலயும் சட்டத்துலயும் இருக்கறது மட்டும்தான். கோப்புல யார் என்ன குறிப்பு எழுதுனாங்கன்னு என் வாயில வராது. அரசு வக்கீலா இருந்தாலும் அந்த வழக்குல நான் ஆஜராகவும் இல்லீங்க.

கயித்துக் கட்டில்ல மஞ்சப்பையைக் கவுத்தி, எஃப்.எம்.பி. (நிலத்தோட அளவு வரைபடம்) நகலை விரிச்சீங்களே, அதுதான் திரும்பத் திரும்ப நினைப்புக்கு வருது. கெணத்துக்கும் தென்னை வரிசைக்கும் நடுவால பென்சில் கோடு. நகத்துல அளந்துக்கிட்டே, "20 மீட்டர் அகலம். இதுக்குள்ள கெணறு வெட்டப்படாது, மரம் வெக்கப்படாது, வீடு கட்டப்படாது. குடுக்கறது சந்தை மதிப்புல 10 சதவீதம். நிலம் உன்னுதுதாங்கறான். ஒரு தென்னம்புள்ளை நட முடியாத நிலம் எப்படிறா என்னுது?"ன்னீங்க. நான் பேசாம இருந்துட்டேன். மன்னிச்சுக்கங்க. அரசுத் தரப்புல இருக்கறவன் நடக்கற வழக்கைப் பத்தி வாயைத் தொறக்கக் கூடாது. அதுக்காக கல்யாணப் பந்தியில, இலைக்கு முன்னால, "சம்பளத்துக்கு நிக்கற வக்கீலு"ன்னு நீங்க சொன்னதும் நியாயமில்லீங்க மாமா.

2013ல குழாயை நெடுஞ்சாலை ஓரமாக் கொண்டுபோகச் சொல்லி மாநில அரசு போட்டது நிர்வாக உத்தரவு. எதிர்ல நின்னது, குழாய் போட நிலத்தைப் பயன்படுத்தற உரிமையை எடுத்துக்க வழி பண்ற 1962ஆம் வருசத்துப் பாராளுமன்றச் சட்டம். நிலமும் வேளாண்மையும் அரசியல் சாசனத்துல மாநிலம் சட்டம் போடற மாநிலப் பட்டியல்ல இருக்குன்னு நீங்க சொல்லுவீங்க, வாஸ்தவம். ஆனா பெட்ரோலியம், பாராளுமன்றம் மட்டுமே சட்டம் போடற ஒன்றியப் பட்டியல்ல 53ஆவது. இயற்கை எரிவாயுவும் அதுக்குள்ளதான்னு குஜராத் விவகாரத்துல 2004லயே அரசியல் சாசன அமர்வு சொல்லிருச்சு. அந்தச் சட்டத்துக்கு முன்னால மாநில உத்தரவு நிக்காதுன்னு 2013 நவம்பர் 25ல உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. குழாய் போற ஏழு மாவட்டமும் ஒண்ணாத் திரண்டாலும் பட்டியல் மாறாதுங்க.

ஜல்லிக்கட்டு மட்டும் எப்படி ஜெயிச்சுதுன்னு கேட்டீங்க. மிருகவதைத் தடுப்பு, ரெண்டு பேரும் சட்டம் போடற பொதுப் பட்டியல்ல 17ஆவது. 2009ல நம்ம போட்ட சட்டம் மத்திய சட்டத்தோட மோதுச்சு, 2014ல விழுந்துச்சு. 2017ல அதே மத்திய சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, மத்திய சட்டத்தோட மோதற மாநிலச் சட்டத்தைக் காப்பாத்தற அரசியல் சாசனம் 254(2)படி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியாச்சு. 2023 மே 18ல உச்ச நீதிமன்றத்துல அது நின்னுருச்சு. காங்கேயம் காளைக்கு இருந்த அந்த வழி உங்க தென்னைக்கு இல்லை. ஒன்றியப் பட்டியல்ல 254(2) கிடையாது. எனக்கு இதுல வயித்தெரிச்சல்தான், மறைக்க மாட்டேன்.

வாதத்தைவிட எங்களைக் கொல்றது தேதி. உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து டெல்லிக்குப் போக 90 நாள். சான்றிட்ட நகல், துறை, சட்டத்துறை, கருத்துரைன்னு கோப்பு மேசை மேசையா நகரும். அ-பதிவேடு, அடங்கல்னு ஊர் நிலக் கணக்கு எல்லாம் இங்கிலீஷ்ல பெயர்க்கணும். நாள் தாண்டிட்டா 'அரசாங்கம்'ங்கற சலுகை கிடையாதுன்னு 2012லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. நல்ல கேஸே அப்படிச் செத்திருக்கு.

உங்க பக்கத்துக் காட்டுக்காரங்களுக்கு இன்னொரு குழாய் அறிவிக்கை வந்தா இதைச் சொல்லுங்க. அந்த 1962 சட்டத்துல, குழாய்க்கு நிலத்தைப் பயன்படுத்தப் போறோம்னு முதல்ல சொல்ற 3(1) அறிவிக்கையில இருந்து 21 நாளுக்குள்ள ஆட்சேபணை எழுத்துல போகணும். வயித்தெரிச்சலை எழுத வேண்டாம். புல எண், கெணறு எத்தனை அடி தள்ளி இருக்கு, மரம் எத்தனை, என்ன வயசு, மாத்துப் பாதை எந்தப் புல எண் வழியா, இவ்வளவுதான். அந்த உரிமையை எடுக்கறதை உறுதி பண்ற 6ஆம் பிரிவு அறிவிப்பு வந்துட்டா அப்புறம் பாதையை நகர்த்தறது பெரும்பாடு. பணம் போதலைன்னா மாவட்ட நீதிபதிகிட்டப் போகலாம். மனுக் குடுத்ததும் தேதி முத்திரை குத்தின நகலைக் கையில வாங்காம ஆபீசை விட்டு இறங்கப்படாதுன்னு சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க மாப்பிள்ளை