மகளிர் வாசகர் வட்டம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவி அவர்களே, நிருவாக சபையினரே, சகோதரிகளே,

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடியையும் அதனை அண்டிய ஊர்களையும் சேர்ந்த எமது வட்டத்தின் கடந்த ஆண்டுச் செயற்பாடுகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கின்றேன். மாதாந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒழுங்காக நடைபெற்றன. மார்ச் 8 சர்வதேச மகளிர் தினம் வழமைபோல் அனுட்டிக்கப்பட்டது. வைகாசி மாதக் கூட்டம் கண்ணகி அம்மன் சடங்கை முன்னிட்டுப் பிற்போடப்பட்டது. மாரி மழையினால் ஆண்டிறுதிக் கூட்டம் நடைபெறவில்லை.

இவ்வாண்டு நாம் மேற்கொண்ட முக்கிய பணி தொலைக்காட்சி நாடகக் குறிப்பேடு ஆகும். இதனை முன்மொழிந்தவள் என்ற வகையிலும், இது குறித்து வெளியிலும் உள்ளேயும் பேசப்பட்டவற்றைக் கேட்டவள் என்ற வகையிலும் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கின்றது. ஒவ்வொரு உறுப்பினரும் தாம் வழமையாகப் பார்க்கும் ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு, அதில் வரும் பெண் வீட்டில் எங்கே நிற்கின்றாள், எதைப் பற்றிப் பேசுகின்றாள், இறுதி முடிவை யார் எடுக்கின்றார் என்பவற்றைக் கொப்பியில் எழுதிவர வேண்டும் என்பதே ஏற்பாடு. வாவிக்கு அப்பாலுள்ள மண்டூரிலிருந்து குருமண்வெளிப் படகுத் துறையைக் கடந்து வரும் உறுப்பினர் ஒருவர் எழுதியதை அவர் அனுமதியோடு இங்கே தருகின்றேன்: “கதாநாயகி வங்கியில் வேலை செய்வதாகச் சொல்கின்றார்கள். இந்தக் கிழமை முழுக்க அவள் வங்கிக்குப் போகவில்லை. கோப்பித் தட்டோடுதான் வந்தாள். புதன்கிழமை புருசன் கன்னத்தில் அறைந்தான். வெள்ளிக்கிழமை அவனுக்காக விரதம் இருந்தாள்.”

இக்குறிப்பு வாசிக்கப்பட்ட அன்று கூட்டம் இருட்டும் வரை நீண்டது. அறைந்தது குற்றம் என்று அந்நாடகத்தில் எவரும் சொல்லவில்லை என்பதைச் சுட்டிக்காட்டிய இளைய உறுப்பினர் ஒருவரின் கேள்வியே எம்மை அடுத்த மாதம் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை வாசிக்க வைத்தது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம் என்பதும், பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம் என்பதும் வந்திருந்த பலருக்குப் புதிய செய்தியாக இருந்தன. இருபது ஆண்டுகளாக நாட்டில் இருக்கும் ஒரு சட்டம் எமது வீட்டு விறாந்தை வரை வந்து சேரவில்லை. அறை வாங்கியவள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற பாடம் மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் தவறாமல் வந்து சேர்கின்றது.

குறிப்பேட்டினால் இன்னொன்றும் தெளிவாயிற்று. இந்நாடகங்கள் அனைத்தும், மணமான பெண் கணவன் வீட்டுக்குச் சென்று மாமியாரிடம் அவதிப்படும் கதையையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எமது மட்டக்களப்பு மண்ணில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகின்றார். வீடும் வளவும் மகளின் பெயரில் உறுதி எழுதப்படுகின்றன. குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாகவே எண்ணப்படுகின்றது. எமது துயரம் வேறு. மகளுக்கு வீடு கட்டுவதற்காகத் தாய் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகின்றாள். போக முடியாதவள் நுண்கடன் எடுத்துக் கிழமைக் கட்டுப்பணத்துக்கு அலைகின்றாள். 2013ஆம் ஆண்டு முதல் வெளிநாடு செல்லும் பெண்களிடம், சிறு பிள்ளைகள் உண்டா, அவர்களை யார் பார்ப்பார் என்பவற்றைக் காட்டும் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கப்பட்டது. அதே பிள்ளையின் தகப்பன் போகும்போது யாரும் கேட்கவில்லை. அறைக்கு மேல் அறையாகக் கட்டப்பட்டு, பூசப்படாமல் நிற்கும் அந்த வீடுகளின் கதையை எந்த நாடகமும் காட்டவில்லை. வீடு பெண்ணின் பெயரில் இருந்தும், கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கராக இருப்பதும் குடும்பத் தலைவர் என்று படிவத்தில் எழுதப்படுவதும் ஆணே என்பதையும் நாம் பேசாமல் விடவில்லை.

மே 6ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலை முன்னிட்டும் ஓர் அமர்வு வைத்தோம். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு 2018ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் நாடு முழுவதும் அச்சபைகளில் பெண்கள் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தனர். போட்டியிட்ட ஒரு பெண்ணின் துண்டுப்பிரசுரத்தை உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்தார். கட்சித் தலைவரின் படம் பெரிதாகவும், வேட்பாளரின் படம் ஓரத்திலும், பெயருக்கு மேலே இன்னாரின் துணைவியார் என்ற வரியும் இருந்தன. அவர் ஊருக்கு என்ன செய்வார் என்பது பற்றி ஒரு வாக்கியமும் இல்லை. 2004ஆம் ஆண்டு தங்கேஸ்வரி கதிராமன் அவர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மாவட்டம் இது. 2024ஆம் ஆண்டு இங்கிருந்து தெரிவான ஐவரில் ஒருவரும் பெண் இல்லை. கோப்பித் தட்டோடு நிற்கும் கதாநாயகியையும் ஓரத்துப் படமாகச் சுருங்கிய வேட்பாளரையும் வேறுவேறாக என்னால் பார்க்க முடியவில்லை. பெண் முடிவெடுப்பதைத் திரையில் ஒரு நாளும் காணாத கண், சபையிலும் அவளைத் தேடாது.

இதனால்தான், ‘நாடகம் பார்ப்பதற்கு ஒரு சங்கமா’ என்று சொல்லிக் கூட்டத்துக்கு வராமல் விட்டவர்கள் விடயத்தில் எனக்கு ஆழ்ந்த மனவருத்தம் உண்டு. வயல் வேலையாலும் நோயாலும் வராதவர்களை நான் குறிப்பிடவில்லை. வீட்டில் விடமாட்டார்கள் என்று சொன்னவர்களையும் குறை கூறவில்லை. அவர்களுக்காகவே கூட்ட நேரத்தை இருமுறை மாற்றினோம். நேரமும் வசதியும் இருந்தும், பெயரைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, தொலைபேசி அழைப்புக்கும் பதில் தராமல் இருப்போரையே குறிப்பிடுகின்றேன். கோயில் சந்தாவையும் மரண உதவிச் சங்கச் சந்தாவையும் நாள் தவறாமல் கட்டும் எம்மவர், எமது சிறிய சந்தாவை மட்டும் நிலுவையில் விடுவது ஏன் என்பதை மனந்திறந்து சொன்னால் திருத்திக்கொள்ள முடியும். கொப்பிகள், பிரதி எடுத்த செலவு, தேநீர்ச் செலவு ஆகியவற்றைச் சில மாதங்களில் நிருவாக சபையினரே தம் கையால் செலுத்தினர்.

கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். வரவு செலவை ஓரளவு ஈடுசெய்தது, கையிருப்பு சொற்பமே.

இடமளித்த நூலகத்தினருக்கும், தேநீர் தந்துதவிய அயலவர்களுக்கும், தலைவிக்கும், பொருளாளருக்கும், மழையிலும் துறை கடந்து வந்த, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைச் சகோதரிகளுக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கின்றேன்.

வரும் ஆண்டில் குறிப்பேட்டைத் திரைப்படப் பாடல்களுக்கும் விளம்பரங்களுக்கும் விரிவுபடுத்தி, சேர்ந்தவற்றைச் சிறு நூலாக அச்சிட வேண்டும் என்பது என் விருப்பம். அச்சுக்கூலிக்குக் கையிருப்பு போதாது. நிலுவைச் சந்தா முழுவதும் வந்தால் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம். செயலாளர் பொறுப்பை ஏற்க இளையவர் ஒருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு கையளிப்பேன். அவ்வாறு எவரும் இல்லாவிடில் தொடரவும் தயங்கமாட்டேன், ஆனால் தனியொருத்தியாகத் தொடர இயலாது. கொப்பி வேண்டியவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளரின் மேசையில் பெற்றுக்கொள்ளலாம்; சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகமும் அங்கேயே இருக்கின்றது.

இவ்வண்ணம்,
செயலாளர்