தடுப்பவரே காரணம் காட்டட்டும்: வன்னி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிருவாக மாவட்டங்களின் வாக்காளர்கள் சேர்ந்து உங்கள் ஆறு பேரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறோம். கிளிநொச்சி நிலத்தாலும் வாழ்வாலும் வன்னியாக இருந்தும் தேர்தலுக்கு யாழ்ப்பாணத்தோடு சேர்க்கப்பட்டிருப்பதால், அந்த மாவட்டத்தின் பிரதிநிதிகளும் இம்மடலைத் தமக்கு எழுதப்பட்டதாகவே கொள்ள வேண்டுகிறேன். நீங்கள் ஒரே கட்சியினர் அல்லர், ஒரே மதத்தவரும் அல்லர். நான் கேட்கப்போவது அப்படிப்பட்ட ஆறு பேர் சேர்ந்து கேட்டால் மட்டுமே எடுபடக்கூடிய ஒன்று என்பதால்தான் உங்களுக்குத் தனித்தனியே எழுதாமல் ஒன்றாக எழுதுகிறேன்.

அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரையைத் திருத்துவதற்கான சட்டமூலம் ஒன்றை நீங்கள் கூட்டாகக் கொண்டுவர வேண்டும். பேச்சையோ, கூட்டத்தையோ, வழிபாட்டையோ அரசு கட்டுப்படுத்தும்போது, அந்தக் கட்டுப்பாடு சனநாயக சமூகமொன்றில் அவசியமானது என்பதை அரசே நிறுவ வேண்டும் என்ற நிபந்தனை அவ்வுறுப்புரையில் எழுதப்பட வேண்டும். இன்று அங்கே அந்த நிபந்தனை இல்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தை ஆள் ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. அதற்கு எந்த மட்டுப்பாடும் விதிக்கப்படவில்லை. நெஞ்சுக்குள் நம்புவதை எந்தச் சட்டத்தாலும் தடுக்க முடியாது என்பதே அதன் பொருள். ஆனால் நம்பிக்கையோடு கோயிலுக்கோ, பள்ளிவாசலுக்கோ, தேவாலயத்துக்கோ, விகாரைக்கோ போய், பிறரோடு சேர்ந்து, பகிரங்கமாக வழிபடுவது 14(1)(உ) உறுப்புரையின் கீழ் வருகிறது. பேச்சும் வெளியீடும் 14(1)(அ)வின் கீழும், அமைதியாக ஒன்றுகூடுதல் 14(1)(ஆ)வின் கீழும் வருகின்றன. இவை அனைத்தையும் தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம், பிறரது உரிமைகள், பொது நலன் ஆகியவற்றின் பொருட்டுச் சட்டத்தினால் கட்டுப்படுத்தலாம் என 15(7) கூறுகிறது. பேச்சுக்கு இன, மத நல்லிணக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு போன்ற மேலதிகக் காரணங்கள் 15(2)இல் சொல்லப்பட்டுள்ளன. இந்தியாவின் அரசியலமைப்பு கருத்துச் சுதந்திரத்தின் மீதான கட்டுப்பாடுகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்கிறது. நமது 15ஆம் உறுப்புரை அவ்வளவுகூடக் கேட்பதில்லை. சட்டம் ஒன்று இருக்கிறதா, சொல்லப்படும் நோக்கம் பட்டியலில் உள்ளதா என்ற இரண்டு கேள்விகளோடு அதன் எழுத்து நின்றுவிடுகிறது. அந்த நோக்கத்தை அடைய இவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா என்ற மூன்றாவது கேள்வியை அது எழுப்பவில்லை. வன்னியில் நாம் படும் இடர் பெரும்பாலும் அந்த மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது.

2024 மார்ச் 8ஆம் திகதி மகா சிவராத்திரி இரவில் வவுனியா வடக்கிலுள்ள வெடுக்குநாறிமலை ஆதிலிங்கேஸ்வரர் ஆலயத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். வழிபட்டுக்கொண்டிருந்தவர்களில் பூசகர் உட்பட எண்மர் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். அவர்கள்மீது சாட்டப்பட்டது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். மார்ச் 19ஆம் திகதி வவுனியா நீதவான் நீதிமன்றம் அவர்கள் எண்மரையும் விடுவித்தது. அந்த விடுதலைக்காக நீதிமன்றத்துக்கும், கட்டணம் வாங்காமல் தோன்றிய சட்டத்தரணிகளுக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் தொல்பொருளைப் பாதுகாக்க வேண்டும் என்ற நோக்கத்தை ஏற்றுக்கொண்டாலும், ஓர் இரவுப் பூசையை நிறுத்துவதும் பூசகரைச் சிறையில் அடைப்பதும் அந்த நோக்கத்துக்கு எந்த வகையில் அவசியமாயின என்பதைக் கைதுக்கு முன்னர் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே மலையில் 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் உடைத்தெறியப்பட்டபோது இந்த அளவு விரைவை நாம் காணவில்லை என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

இதில் இன்னொரு சட்டச் சிக்கலும் உண்டு. தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமும் 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டமும் அரசியலமைப்புக்கு முந்தியவை. முன்னைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என 16ஆம் உறுப்புரை சொல்கிறது. பின்னர் வந்த சட்டங்களையோ, நிறைவேறிய பிறகு நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த 80(3) இடம் தருவதில்லை. ஆகவே சட்டத்தையே எதிர்க்க வழியில்லாத எமக்கு, அச்சட்டத்தின் கீழ் ஓர் அலுவலர் செய்த செயலை எதிர்ப்பது ஒன்றே மிச்சமாக இருக்கிறது. அச்செயலை அளக்கும் கோல் உறுதியானதாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இது சைவத் தமிழரின் குறை மட்டும் என்று யாரேனும் எண்ணினால், 2020இல் முஸ்லிம் மக்களுக்கு நேர்ந்ததை நினைவுபடுத்த விரும்புகிறேன். கொரோனாவால் இறந்தவர்களின் உடல்கள் அனைத்தும் எரிக்கப்பட வேண்டும் என அந்த ஆண்டு ஏப்ரலில் வர்த்தமானியில் விதிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதையும் அனுமதித்திருந்தது. உலகம் முழுவதும் அடக்கம் நடந்துகொண்டிருந்தது. பொதுச் சுகாதாரம் என்பது 15(7)இல் உள்ள ஒரு நோக்கம்தான். ஆனால் எரிப்பது அவசியமா என்று கேட்டிருந்தால் அரசால் விடை சொல்ல முடிந்திராது. அந்த விதியை எதிர்த்துத் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம், பெரும்பான்மைத் தீர்மானத்தால், காரணம் கூறாமலே விசாரணைக்கு ஏற்க மறுத்தது. தாய் தந்தையரின், பச்சிளங் குழந்தைகளின் உடல்கள்கூட எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில் விதி மாற்றப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு நல்லதே. ஆனால் அதே உறுப்புரை அதே சொற்களோடு இன்றும் இருக்கிறது.

நம்மவர்களிடையே நேர்ந்ததையும் மறைக்கக் கூடாது. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முன்தினம், திருக்கேதீஸ்வரத்துக்குச் செல்லும் வழியில் அமைக்கப்பட்ட வளைவு பிடுங்கி எறியப்பட்டபோது அங்கே எதிரெதிரே நின்ற சைவர், கத்தோலிக்கர் ஆகிய இரு தரப்பும் தமிழர்கள். அத்தகைய வேளையில் அரசு தலையிடத்தான் வேண்டும். கட்டுப்பாடு எதுவுமே கூடாது என்று நான் வாதிடவில்லை. ஒரு மதத்தவர் மற்றவரின் அடையாளத்தை உடைப்பதைத் தடுப்பது அவசியமான கட்டுப்பாடு, அதை எந்த நீதிமன்றத்திலும் அரசால் எளிதில் நிறுவ முடியும். நான் கேட்கும் அளவுகோல் நேர்மையான அலுவலரின் கையைக் கட்டாது.

பேச்சைப் பற்றிச் சொல்ல ஓர் எடுத்துக்காட்டுப் போதும். மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாஃப் ஜசீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அவர் தமிழில் எழுதி வெளியிட்ட கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுவதாகக் கூறப்பட்டது. உண்மையில் அக்கவிதைகளில் வன்முறைக்கு எதிரானவையும் இருந்தன. பிணை கிடைக்க 2021 டிசம்பர் வரை சென்றது. புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 டிசம்பரில். தமிழ்க் கவிதையை வாசிக்கத் தெரிந்த ஒருவர் முதல் நாளே உட்கார்ந்து வாசித்து, இந்த வரிக்காக இந்த மனிதரை அடைத்துவைப்பது அவசியமா என்று எழுத்தில் பதில் தர வேண்டியிருந்தால், ஓர் இளம் ஆசிரியரின் வாழ்வில் அத்தனை மாதங்கள் அழிந்திருக்கமாட்டா.

உங்களில் சட்டம் அறிந்தவர்கள், நீதிமன்றங்கள் இந்தச் சோதனையை ஏற்கெனவே செய்துவருகின்றனவே, எதற்குத் திருத்தம் எனக் கேட்கக்கூடும். செய்திருக்கின்றன என்பதைப் பெருமையோடு ஒப்புக்கொள்கிறேன். பிரதம நீதியரசர் சுப்பையா சர்வானந்தாவின் காலத்தில், 1987இல், துண்டுப்பிரசுரம் விநியோகிக்கப் பொலிஸ் அனுமதி வேண்டும் என்ற அவசரகால ஒழுங்குவிதியை ஜோசப் பெரேரா வழக்கில் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. பேச்சின் மீதான கட்டுப்பாட்டுக்கும் அதற்குச் சொல்லப்படும் நோக்கத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1993இல் அமரதுங்க எதிர் சிறிமல் வழக்கில், அரசுக்கு எதிர்ப்புத் தெரிவித்து மேளம் அடிப்பதும் கருத்து வெளிப்பாடே என நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார். இவை நமது சட்ட வரலாற்றின் உயர்ந்த பக்கங்கள். ஆனால் நீதியரசர்களின் துணிவால் கிடைத்த பாதுகாப்பு நீதியரசர்களோடு மாறக்கூடியது என்பதை 2020 டிசம்பர் காட்டியது. மேலும் நெடுங்கேணியிலோ முள்ளியவளையிலோ கடமையாற்றும் பொறுப்பதிகாரி சட்ட அறிக்கைத் தொகுதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மலையேறுவதில்லை. அரசியலமைப்பின் வாசகத்தில் உள்ளதே அவருக்குக் கற்பிக்கப்படும்.

புதிதாக எந்த வாசகத்தையும் நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பது இக்கோரிக்கையின் பெரிய பலம். 2015இல் 19ஆம் திருத்தம் தகவல் அறியும் உரிமையை 14அ உறுப்புரையாகச் சேர்த்தபோது, அந்த உரிமையின் மீதான கட்டுப்பாடுகள் சனநாயக சமூகமொன்றில் அவசியமானவையாக இருக்க வேண்டும் என்று அங்கேயே எழுதப்பட்டது. பிரதேச சபையின் கணக்கைக் கேட்கும் குடிமகனுக்கு உள்ள பாதுகாப்பு, பொங்கல் பொங்கிப் படைக்கப் போகும் அதே குடிமகனுக்கு இல்லை. இதற்கு நியாயம் சொல்ல யாராலும் முடியாது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. அதன் 18ஆம், 19ஆம் உறுப்புரைகள் மதத்தின் மீதும் கருத்தின் மீதும் விதிக்கப்படும் கட்டுப்பாடு அவசியமானதாக இருக்க வேண்டும் என்கின்றன. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் அந்த உடன்படிக்கையிலிருந்து வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கும் பகுதியை 3ஆம் பிரிவாக எடுத்துக்கொண்டது. அவசியம் என்ற அளவுகோலை எடுத்துக்கொள்ளவில்லை. தண்டிக்கும் அதிகாரம் நாட்டுக்குள் வந்தது, அதைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை ஜெனீவாவிலேயே நின்றுவிட்டது.

9ஆம் உறுப்புரையைப் பற்றி நீங்கள் தயங்கக்கூடும். பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் வழங்கும் அந்த உறுப்புரை, 10ஆம், 14(1)(உ) உறுப்புரைகளின் உரிமைகளை எல்லா மதத்தவருக்கும் உறுதிப்படுத்திக்கொண்டே அதைச் செய்ய வேண்டும் என்று தானே கூறுகிறது. அதை மாற்றுவதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் தேவை. அந்த விவாதம் நடக்க வேண்டியது என்பதே என் நிலைப்பாடு. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சர்வசன வாக்கெடுப்புத் தேவைப்படும் உறுப்புரைகளைக் கூறும் 83ஆம் உறுப்புரையின் பட்டியலில் 15ஆம் உறுப்புரை இல்லை. பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கான 150 வாக்குகள் போதும். 2024 நவம்பர் தேர்தலில் ஆளும் தரப்பு மட்டும் 159 ஆசனங்களைப் பெற்றது, அவற்றில் இரண்டு வன்னியிலிருந்து சென்றவை. அந்த இரண்டு உறுப்பினர்களிடம் நான் சிறப்பாகவே கேட்கிறேன்: உங்கள் கட்சிக் குழுவில் இதை முதலில் எழுப்ப வேண்டியவர்கள் நீங்களே.

அளவுகோலை எழுதிவைத்தால் மட்டும் போதாது, அதைக் கொண்டு அளக்கச் சொல்லிக் கேட்பதற்கு நீதிமன்றமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மீறலுக்குக் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே, அதுவும் ஒரு மாதத்துக்குள், போக முடியும். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த மாதத்துக்குள் முறையிட்டால் விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், அதை அறிந்தவர்கள் மிகச் சிலர். வெடுக்குநாறியில் கைதானவர்களுக்கு அந்த ஒரு மாதத்தில் பதினொரு நாட்கள் விளக்கமறியலிலேயே கழிந்தன. கொக்கிளாயில் அன்றாடம் கடலுக்குப் போகும் ஒருவர், மறுபடி மறுபடி கொழும்புக்குப் பயணம் செய்து, சட்டத்தரணியின் கட்டணத்தையும் மொழிபெயர்ப்புச் செலவையும் தாங்கி உரிமை கேட்பார் என எதிர்பார்ப்பது நியாயமன்று. 13ஆம் திருத்தத்தின் 154த உறுப்புரை மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு ஏற்கெனவே ஆட்கொணர்வு மனுக்களையும், மாகாண விடயங்களில் பேராணை மனுக்களையும் விசாரிக்கும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. வவுனியா மேல் நீதிமன்றம் ஒரு மனிதரைச் சிறையிலிருந்து கொண்டுவரும்படி ஆணையிடலாம் என்றால், அவருடைய வழிபாட்டைத் தடுத்தது சரியா என்று விசாரிக்கவும் அதற்குத் தகுதி உண்டு.

கீழ் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் மதிக்கப்படாத அனுபவமும் நமக்கு உண்டு. 2019 செப்டெம்பரில் நீராவியடிப் பிள்ளையார் ஆலய வளாகத்தில் பிக்கு ஒருவரின் உடல் முல்லைத்தீவு நீதிமன்றத்தின் உத்தரவை மீறி எரிக்கப்பட்டது. முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் விகாரைக் கட்டுமானம் தொடர்பான வழக்கில் கட்டளைகள் பிறப்பித்த மாவட்ட நீதிபதி, உயிர் அச்சுறுத்தல் இருப்பதாகக் கூறி 2023 செப்டெம்பரில் பதவி விலகி நாட்டை விட்டே வெளியேறினார். மேல் நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பே வழங்கிய அடிப்படை உரிமை நியாயாதிக்கம் இருந்தால் இத்தகைய மீறல்கள் ஒழிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆயினும் மீறுபவர் அப்போது அரசியலமைப்பையே மீறியவராவார். அவருக்குத் துணைநின்ற அலுவலர் தனிப்பட்ட முறையில் நட்டஈடு செலுத்தும்படி உள்ளூரிலேயே கட்டளையிட முடியும்.

ஆகவே சட்டமூலத்தில் நான்கு ஏற்பாடுகள் இடம்பெற வேண்டும் என வேண்டுகிறேன். 14அ உறுப்புரையில் உள்ள அவசிய நிபந்தனை 15ஆம் உறுப்புரையின் எல்லாக் கட்டுப்பாடுகளுக்கும் பொருந்த வேண்டும். அதை நிறுவும் சுமை கட்டுப்படுத்தும் அதிகாரியைச் சேர வேண்டும், அவர் தடுக்கும் நேரத்திலேயே காரணத்தை எழுத்தில், உரியவரின் மொழியில் தர வேண்டும். மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு அடிப்படை உரிமை மனுக்களை விசாரிக்கும் அதிகாரம் வழங்கப்பட்டு, ஒரு மாத எல்லை குறைந்தது ஆறு மாதங்களாக நீட்டப்பட வேண்டும். மனுவை விசாரணைக்கு ஏற்க மறுக்கும் எந்த மன்றும் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும்.

தனிநபர் சட்டமூலமாக இதைக் கொண்டுவர உங்களில் எவருக்கும் உரிமை உண்டு. ஆறு பேரும் கையொப்பமிட்டால் வன்னியின் சைவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள், பௌத்தர் அனைவரின் பெயராலும் அது பேசும். அடுத்த சிவராத்திரிக்கு முன்னர் உங்கள் ஒவ்வொருவரின் பதிலையும், சம்மதமாயினும் மறுப்பாயினும், மறுப்பாயின் காரணத்தோடு, பகிரங்கமாகத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வவுனியா வடக்கைச் சேர்ந்த ஓய்வுநிலை ஆசிரியர் ஒருவர்