92-இல் 2: பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் விமானப்படைத் தலைமையகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தஞ்சாவூரில் பெண்கள் மேல்நிலைப் பள்ளியொன்றில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்து, அண்மையில் ஓய்வு பெற்றவள் நான். 2020 ஜனவரியில் எங்கள் ஊர் விமானப்படைத் தளத்தில் சுகோய் போர் விமான அணி ஒன்று நிலைகொண்ட பிறகு, நியூட்டனின் மூன்றாம் விதியை விளக்க எனக்குக் கரும்பலகை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஜன்னல் பக்கம் கை காட்டினாலே போதுமானதாக இருந்தது. அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து படித்த மாணவி ஒருத்தி, 2023-இல் வெளியான என்.டி.ஏ. (முப்படைகளின் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தேசியப் பாதுகாப்புக் கழகம்) தேர்வு அறிவிக்கையைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தாள். "டீச்சர், விமானி பிரிவில் 92 இடம், அதில் பெண்களுக்கு 2 என்று போட்டிருக்கிறார்கள். மீதி 90 இடத்துக்கு நான் போட்டி போடக்கூடாதா?" என்று கேட்டாள். அறிவிக்கையை இரண்டு முறை படித்தும் எனக்கு விடை தெரியவில்லை.

விடை 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. வழக்கின் விவரம் உங்களுக்குத் தெரியும். எதிர்த்து வாதாடியதே உங்கள் தரப்புதான். அந்த 2023 மே மாத அறிவிக்கையின்படி நடந்த தேர்வில், 92 விமானி இடங்களில் 70 ஆண்களும் 2 பெண்களும் மட்டுமே நியமிக்கப்பட்டார்கள். 20 இடங்கள் காலியாகவே கிடந்தன. பெண்கள் தகுதிப் பட்டியலில் ஏழாவதாக இருந்தவர், பறக்கத் தகுதியானவர் என்ற மருத்துவச் சான்று கையில் இருந்தும், வெளியே நிறுத்தப்பட்டார். அவர்தான் வழக்குத் தொடர்ந்தவர். மீதமுள்ள 90 இடங்களும் ஆண்களுக்கு என்று அறிவிக்கை எங்கும் சொல்லவில்லை என்று கூறி, காலியிடங்களில் ஒன்றை அவருக்குத் தரும்படி நீதிமன்றம் ஆணையிட்டது.

அந்த இருபது காலியிடங்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. விமானி பிரிவுக்குத் தேறுவது எப்படிப்பட்டது என்பதை என் மாணவிகளோடு சேர்ந்து நானும் ஓரளவு கற்றுக்கொண்டேன். யு.பி.எஸ்.சி.யின் எழுத்துத் தேர்வைத் தாண்ட வேண்டும். பின்பு படைத் தேர்வு வாரியமான எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாள் நேர்காணல், அதன்பின் விமானி தேர்வுக்கான கணினிச் சோதனை, அதில் ஒருமுறை தவறினால் வாழ்நாளில் மறுமுறை எழுத வழியில்லை, அதற்கும் மேல் மருத்துவப் பரிசோதனை. அங்கே கால் நீளம் 99 முதல் 120 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா, தொடை நீளம் 64-ஐத் தாண்டுகிறதா என்றுகூட அளக்கிறார்கள். விமானி அறைக்குள் உடல் அடங்க வேண்டும் என்பதால் அந்த அளவுகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அளவுநாடாவுக்கு ஆண், பெண் தெரியாது. இவ்வளவும் கடந்து வந்த ஒரு பெண்ணிடம், இருக்கை காலியாக இருக்கும்போதே, "உங்களுக்கான இரண்டும் முடிந்துவிட்டது" என்று சொல்ல எப்படி மனம் வந்தது என்பதே என் கேள்வி. என்.டி.ஏ.வுக்கான வயதோ பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை வரைதான். நீதிமன்றப் படிகளில் கழியும் ஆண்டுகளை யாரும் அவளுக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: விமானி பிரிவில் பெண்களுக்கென்று போட்டிருக்கும் உச்சவரம்பை நீக்கி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தகுதிப் பட்டியல் வெளியிடுங்கள்.

பெண்கள் விண்ணப்பிப்பதில்லை என்று சொல்ல இடமில்லை. பெண்களுக்கு என்.டி.ஏ.வின் கதவைத் திறக்க உச்ச நீதிமன்றம் சொன்ன 2021-இல், முதல் தேர்வுக்கே ஏறத்தாழ 1.78 லட்சம் பெண்கள் விண்ணப்பித்தார்கள். எழுத்துத் தேர்வில் ஆயிரம் பேர் தேறினார்கள். முப்படைகளுக்கும் சேர்த்து அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடங்கள் 19. விமானிகள் தேவையில்லை என்றும் சொல்ல முடியாது. விமானப்படையில் 2021 முடிவில் 596 விமானிகள் பற்றாக்குறை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே எழுதியிருக்கிறார். பட்டதாரிகளுக்கான விமானப்படைத் தேர்வான ஏஃப்கேட் வழியாகப் பெண்கள் வரலாமே என்பீர்கள். வரலாம், பதினான்கு ஆண்டுக் குறுகிய காலப் பணிக்கு வரலாம். என்.டி.ஏ. வழியாக வருகிறவருக்கோ தொடக்கத்திலேயே நிரந்தரப் பணி.

போரில் பெண்கள் பறப்பார்களா என்ற கேள்வி 1999-லேயே முடிந்துபோனது. கார்கிலில் குஞ்சன் சக்சேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் சீட்டா ஹெலிகாப்டர்களில், சுடப்படும் பள்ளத்தாக்குகளுக்குள் போய்க் காயம்பட்ட வீரர்களை ஏற்றி வந்தார்கள். 2016-இல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் போர் விமானப் பிரிவில் சேர்ந்தபோது, அதைச் 'சோதனை முயற்சி' என்றீர்கள். நான்கு ஆண்டுகளுக்குத் தாய்மையைத் தள்ளிப்போடும்படி அறிவுரையும் கூறினீர்கள். அந்தச் சோதனை 2022-இல் நிரந்தரத் திட்டமானது. அவர்கள் தேறிவிட்டார்கள் என்றுதானே அதற்குப் பொருள்?

2025 மே 7 காலை, சிந்தூர் நடவடிக்கை பற்றி நாட்டுக்கு விளக்க ஹெலிகாப்டர் விமானியான விங் கமாண்டர் வியோமிகா சிங்கை முன்நிறுத்தினீர்கள். எங்கள் தெருவே தொலைக்காட்சி முன் நின்றது. எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அவரைப் பார்த்து எத்தனை சிறுமிகள் விமானியாக வேண்டும் என்று நினைத்திருப்பார்கள் என்று உங்களில் யாராவது கணக்குப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால், அவர்களில் இருவரைத் தவிர மற்றவர்கள் தொலைக்காட்சியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அப்போதே ஒரு வரி சேர்த்து அறிவித்திருக்கலாம். சோவியத் நாட்டிலும் இதுதான் நடந்தது. 1941-இல் ஜெர்மானியர் மாஸ்கோவை நெருங்கியபோது புகழ்பெற்ற பெண் விமானி மரீனா ரஸ்கோவாவிடம் பெண்களைக் கொண்ட மூன்று விமானப் படைப்பிரிவுகளை உருவாக்கச் சொன்னார்கள். அவற்றுள் இரவுக் குண்டுவீச்சுப் பிரிவு மட்டும் 23,000-க்கும் மேற்பட்ட முறை பறந்தது. போர் முடிந்த 1945-லேயே அந்தப் பிரிவைக் கலைத்துவிட்டார்கள். ஆபத்துக்கு அழைப்பதும் அமைதியில் கதவைச் சாத்துவதும் நம் நாட்டின் வழக்கமாகிவிடக் கூடாது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். விமானப்படையின் மீது எனக்கு இருக்கும் மதிப்பு குறையவில்லை. தகுதியில் ஓர் அங்குலமும் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. அளவுநாடாவும் கணினிச் சோதனையும் இன்னும் கடுமையாகட்டும், அதில் எந்தப் பெண் தவறினாலும் தவறட்டும். தேறியவரை, இருக்கை இருக்கும்வரை, உள்ளே விடுங்கள். "பெண்களுக்கு 2" என்ற அந்தச் சொற்கள் அடுத்த அறிவிக்கையில் இடம்பெறாதபடி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் மேசையில் அறிவிக்கையை விரித்த மாணவி இப்போது பொறியியல் படிக்கிறாள். அவளுக்குப் பின்னால் அதே ஜன்னலோரம் வேறு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
தஞ்சாவூர்.