ஆண்டறிக்கை 2024–25: போர்காட் கண்காட்சியும் சங்கத்தின் நிலையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், அவையில் கூடியுள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஓராண்டுக்குரிய அறிக்கையைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் பயணி ரயில் ஓடிய 1853 ஏப்ரல் 16-ஐ நினைவுகூரும் கூட்டம் வழக்கம்போல் நடந்தது. பொங்கல் விழாவும், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களுக்கான கண் பரிசோதனை முகாமும் குறைவின்றி நிறைவேறின. மறைந்த உறுப்பினர்களின் இல்லங்களுக்கு நேரில் சென்று இரங்கல் தெரிவித்தோம்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, மும்பைக்கும் புணேவுக்கும் இடையிலுள்ள போர்காட் மலைப்பாதையில் 1863 முதல் 1929 வரை நீராவி இன்ஜின்கள் ஓடிய காலத்தை விளக்கும் மாதிரியமைப்பும் அதையொட்டிய கண்காட்சியும் ஆகும். மும்பையை அடுத்த டோம்பிவிலியில் இருக்கும் ஒரு தமிழர் சங்கம் மராட்டிய மலை ஒன்றுக்கு இத்தனை பணமும் உழைப்பும் ஏன் செலவிட வேண்டும், செய்வதாயிருந்தால் நம் நீலகிரி ரயிலைச் செய்திருக்கலாமே என்று கூட்டத்துக்கு வெளியே சிலர் பேசியதாக அறிந்தேன். அவர்கள் கூட்டத்துக்கு வந்து கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். இப்போது அறிக்கை வழியாகச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து வந்த மெட்ராஸ் ரயில்வேயின் பாதையும், பம்பாயிலிருந்து வந்த ஜி.ஐ.பி. (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வேயின் பாதையும் 1871-இல் ராய்ச்சூரில் இணைந்தன. அன்றுமுதல் சென்னை மெயிலில் பம்பாய்க்குப் பிழைக்க வந்த தமிழர் ஒவ்வொருவரும் புணேவைத் தாண்டி, லோனாவாலாவிலிருந்து இந்த மலையில் இறங்கித்தான் கர்ஜத்தை அடைந்தனர். நம் பாட்டனார்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக நீராவி வண்டியில் உட்கார்ந்து இறங்கிய மலை இது. நீலகிரிப் பாதையின் பெருமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே இன்ஜினின் பற்சக்கரம் பற்கள் கொண்ட தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. போர்காட்டில் அப்படி எதுவுமில்லை. வழவழப்பான இரும்புச் சக்கரம், வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தின் மேல், வெறும் உராய்வை மட்டும் நம்பி ஏற வேண்டியிருந்தது. இதைத்தான் நம் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினேன்.

மலையடிவாரத்திலிருந்து லோனாவாலா உச்சிவரை பழைய பாதையின் நீளம் 16 மைலுக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் ஏறிய உயரம் 1,831 அடி. சராசரி ஏற்றம் 46 அடிக்கு ஓரடி என்றாலும், மிகச் செங்குத்தான பகுதிகளில் 37 அடிக்கு ஓரடி. 37-க்கு 1 என்பது நடந்து செல்பவருக்குப் பெரிய ஏற்றமாகத் தோன்றாது. ஆனால் அந்தச் சரிவில் ஒவ்வொரு டன் எடைக்கும் 27 கிலோ இழுவிசை, புவியீர்ப்பை ஈடுகட்டுவதற்கு மட்டுமே போய்விடுகிறது. 300 டன் வண்டிக்கு 8 டன், 70 டன் இன்ஜின் தன்னையே தூக்கிக்கொள்ள ஏறத்தாழ 2 டன், அதன்மேல் வளைவுகளின் தடை. காய்ந்த தண்டவாளத்தில் இயக்கச் சக்கரங்களின் மேலுள்ள எடையில் கால்பங்கு அளவே பிடிப்புக் கிடைக்கும். ஆடி மாத மழையில், பாதை நுழைந்து செல்லும் பாசி படிந்த குகைகளுக்குள், அதுவும் குறைந்துவிடும். அதனால்தான் முன்னால் ஒரு இன்ஜினும் பின்னால் தள்ளுவதற்கு பேங்கர் இன்ஜினும் பூட்டினார்கள். சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவினார்கள். நிலக்கரியையும் தண்ணீரையும் தன் மேலேயே சுமந்து, அந்த எடையையே பிடிப்பாக மாற்றிக்கொள்ளும் டேங்க் இன்ஜின்களை இந்த மலைக்கென்றே தருவித்தார்கள்.

கண்காட்சியில் எல்லோரையும் நிற்க வைத்தது பெரிய மாதிரியமைப்பு அல்ல, மூத்த உறுப்பினர் ஒருவர் செய்துகொடுத்த கண்ணாடிக் குழாய்தான் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். இரு முனையும் அடைத்த குழாயில் பாதிக்கு மேல் நீலம் கலந்த தண்ணீர். குழாய்தான் இன்ஜினின் கொதிகலன்; ஒரு முனையில், கரி எரியும் அறையான நெருப்புப்பெட்டியின் கூரையைக் குறிக்கும் செப்புத் தகடு. குழாய் இருந்த பலகையை 37-க்கு 1 சாய்த்தால் தண்ணீர் தாழ்ந்த முனைக்கு ஓடும். உண்மையான கொதிகலன் 15 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால், இரு முனைகளுக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ 5 அங்குலம். புகைபோக்கி மேல்பக்கம் பார்த்து ஏறும்போது தண்ணீர் பின்னால் வந்து நெருப்புப்பெட்டியின் கூரையை மூடிக் காக்கும். புகைபோக்கி தாழ்ந்த பக்கம் இருந்தால் கூரை வெளிப்பட்டுவிடும். தகடு பழுக்கக் காய்ந்தால் கொதிகலன் வெடிக்கவும் கூடும். ஃபயர்மேன் கரியை அள்ளிப் போட்டுக்கொண்டே நீர்மட்டம் காட்டும் அளவுக் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டிருந்தது இதற்காகத்தான். செப்புத் தகட்டிலிருந்து தண்ணீர் விலகுவதைக் கண்ட ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பலகையைத் தானே திரும்பத் திரும்பச் சாய்த்துப் பார்த்து, "அப்ப இறங்கும்போது யார் காப்பாத்துவாங்க, மாமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை மாதிரியமைப்பில் இருந்தது. மலையிறங்கும் பாதையில் குறிப்பிட்ட இடங்களில் கேட்ச் சைடிங் எனப்படும் கிளைப்பாதை மேல்நோக்கி ஏறிச் செல்லும். வண்டியைப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட் எப்போதும் அந்தக் கிளைப்பாதைக்கே திருப்பப்பட்டிருக்கும். இறங்கிவரும் வண்டி அங்கே முழுவதுமாக நின்று, விசில் கொடுத்து, தன் பிரேக் தன் வசத்தில்தான் இருக்கிறது என்று மெய்ப்பித்த பிறகே பாயிண்ட்ஸ்மேன் முதன்மைப் பாதைக்கு வழிவிடுவார். நிற்க முடியாத வண்டி கிளைப்பாதையில் ஏறித் தானாக வேகம் இழக்கும்.

இந்த மலைப்பாதையில் வண்டி திசைமாறிய திருப்புநிலையம் பற்றியும் சொல்ல வேண்டும். மலைவிளிம்பில் பாதையை வளைக்க இடமில்லாததால், வண்டி ஒரு முட்டுப்பாதையில் போய் நின்று, இன்ஜின் மறுமுனைக்கு மாறி, எதிர்த்திசையில் புறப்பட்டது. 1929-இல் மின்மயமானதையொட்டிப் புதிய குகைகள் குடைந்து இந்த நிலையத்தைத் தவிர்த்துவிட்டார்கள். பழைய மும்பை–புணே சாலையில் அமிர்தாஞ்சன் பாலம் என்று நாம் அழைத்த, 2020-இல் இடிக்கப்பட்ட பாலத்தின் அருகில்தான் அந்த இடம். காரில் போகும்போது எத்தனை முறை கடந்திருப்போம்!

பாதை அமைத்தவர்களுக்கும் ஒரு பலகை வைத்திருந்தோம். தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லி, பாதை திறக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டான 1862-இல் மறைந்தார். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல், 1859-இல் வந்த சில வாரங்களிலேயே நோயில் இறக்க, அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தைத் தம் பெயரில் ஏற்று, பொறியாளர்களைக் கொண்டு முடித்துக்கொடுத்தார். வேலை உச்சத்தில் இருந்த 1861-இல் 42,000 தொழிலாளர்கள் இம்மலையில் இருந்தனர். 25 குகைகளை வெடிமருந்தும் உளியும் கொண்டு குடைந்தவர்களில் காலராவுக்குப் பலியானோர் ஏராளம். ஆலிஸ் அம்மையாரின் பெயராவது எஞ்சியிருக்கிறது. அந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் எங்குமில்லை.

இப்போது வருத்தத்தோடு சில செய்திகள். மாதிரியமைப்பு வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் பலர். ஞாயிறுதோறும் பிளைவுட் அறுக்கவும் பிளாஸ்டர் பூசவும் வந்தவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவர். அரங்க நிர்வாகம் கடைசி நேரத்தில் தேதியை மாற்றியபோது, புதிய நாளில் மேசை தூக்கக்கூட ஆளில்லாமல் பெண் உறுப்பினர்கள் மூவரும் அவர்களுடைய பிள்ளைகளுமே பொருள்களை மாடியேற்றினார்கள். குறைகூறுவதில் முன்நின்றவர்களை அன்று காணவில்லை. ஆண்டுச் சந்தாவைப் பொறுத்தவரை, பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் செலுத்தவில்லை. சிலருக்கு மூன்றாண்டு நிலுவை. மறதியாக இருக்கலாம் என்று கைப்பேசிச் செய்தியும், பிறகு கடிதமும் அனுப்பினோம். சங்க விதிப்படி நிலுவையுள்ளோருக்கு வாக்குரிமை இல்லை என்பதை, யாரையும் புண்படுத்தும் நோக்கமின்றி, நினைவூட்டுகிறேன்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே படிப்பார். பொதுவாகச் சொன்னால், நன்கொடைகளால் கண்காட்சிச் செலவின் பெரும்பகுதி ஈடுகட்டப்பட்டது. எஞ்சியதைச் செயற்குழுவினர் சிலர் கைமாற்றாகத் தந்து உதவினர். தணிக்கையாளர் கணக்கைச் சரிபார்த்து ஒப்பமிட்டுள்ளார்.

நன்கொடையாளர்களுக்கும், மாணவர்களை அழைத்துவந்த ஆசிரியர்களுக்கும், மராத்தியில் விளக்கவுரை எழுதித் தந்த அண்டைவீட்டு நண்பர்களுக்கும், தலைவர், பொருளாளர் இருவருக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

வரும் ஆண்டில் இரண்டு பணிகளைச் செய்ய விரும்புகிறேன். முதலாவது, இந்தக் கண்காட்சியின் விளக்கங்களைத் தமிழில் சிறு நூலாக அச்சிடுவது. கையெழுத்துப்படி முடிந்துவிட்டது, அச்சகம் முன்பணம் கேட்கிறது. இரண்டாவது, 1865-இல் திறக்கப்பட்ட, அதே 37-க்கு 1 ஏற்றமுள்ள, மும்பையிலிருந்து நாசிக் செல்லும் வழியிலுள்ள தால்காட் மலைப்பாதைக்கும் இதுபோல் ஒரு மாதிரியமைப்பு. அதைப் பற்றி இப்போதே உறுதி கூறும் நிலையில் நான் இல்லை. போர்காட் மாதிரியமைப்பே தற்போது ஒரு உறுப்பினரின் வாகன நிறுத்துமிடத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. மழைக்காலத்துக்குள் அதற்கு ஓர் அறை வேண்டும். கூரையுள்ள அறை ஒன்றைத் தரக்கூடியவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன்.

செயலாளர் பொறுப்பைத் தொடர வேண்டும் என்று செயற்குழு கேட்டுள்ளது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரக்கூடியவர்கள் இன்று கையொப்பமிடும் பட்டியலைப் பார்த்த பிறகு என் முடிவைத் தெரிவிக்கிறேன். பட்டியலும், சந்தா ரசீதுப் புத்தகமும் வாசலருகே பொருளாளரின் மேசையில் உள்ளன.

இவண்,
செயலாளர்